தொழில்முறை எழுத்து முதுநிலைப் படிப்பு: ஆய்வேடா, ப்ராஜெக்டா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

கார்முகில்
வணக்கம். தொடர்பியலும் தொழில்முறை எழுத்தும் சேர்ந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பாடத்திட்டங்களைப் பார்த்து வருகிறேன். தாள்களின் பெயர்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: எடிட்டிங், டிஜிட்டல் எழுத்து, நிறுவனத் தொடர்பு, ஆய்வு முறைகள். கடைசிக் கட்டத்தில்தான் பிரிகிறது. சில இடங்களில் ஆய்வேடு, சில இடங்களில் ப்ராஜெக்டும் போர்ட்ஃபோலியோவும் (எழுதிய ஆவணங்களின் தொகுப்பு).

பாடத்திட்டத்தில் எதைப் பார்த்தால் தரம் தெரியும்? ஆய்வேடா ப்ராஜெக்டா என்று எதை வைத்து முடிவு செய்வது? எழுத்து மாதிரியாக எதை அனுப்பலாம்? இத்துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செம்பதிப்பு
தாளின் பெயரை விடுங்கள், மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். ஒவ்வொரு தாளுக்கும் விரிவான பாடத்திட்டம் இருக்கும். இணையத்தில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். கிடைத்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஒரே ஆவணம் எத்தனை முறை திருத்தத்துக்குத் திரும்பி வருகிறது? செமஸ்டருக்கு ஆறு கட்டுரை எழுதி, ஆறுக்கும் மதிப்பெண் மட்டும் போடுகிற தாளில் எழுத்து வளராது. இரண்டே ஆவணங்கள், ஒவ்வொன்றுக்கும் வரைவு, எழுத்துவழிக் கருத்து, மறுவரைவு, அதற்கும் மதிப்பெண் என்றிருந்தால் அந்தத் தாளை நம்பலாம்.

இரண்டாவது, எழுதியது வகுப்புக்கு வெளியே உள்ள வாசகர் கைக்குப் போகிறதா? ஆசிரியர் ஒருவர்தான் வாசகர் என்றால் மாணவர் அவருக்காகவே எழுதப் பழகிவிடுவார். ஆசிரியருக்குப் பொருள் முன்பே தெரியும், மதிப்பெண் போட வேண்டியிருப்பதால் கடைசி வரி வரை படிப்பார். தொழில்முறை எழுத்தின் வாசகரிடம் இந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. அவசரத்தில் இருப்பார், தனக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடுவார், கிடைக்காவிட்டால் மூடிவிடுவார்.

மூன்றாவது, ஆய்வு முறைகள் தாள் கட்டாயமா விருப்பமா? கட்டாயமில்லாத இடத்தில் இறுதிப் பணி பெரும்பாலும் கருத்துரையாகத்தான் முடியும்.

கிரெடிட் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ‘ஆய்வேடு’ என்ற பெயரின் எடை இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டிஷ் முறையில் முதுநிலை 180 கிரெடிட். ஒரு கிரெடிட் 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதில் ஆய்வேடு வழக்கமாக 60 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேரம். அமெரிக்க முறையில் மொத்தமே 30 முதல் 36 கிரெடிட்தான் வழக்கம், அதில் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 6. எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறாகத்தான் தோன்றும். மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

இன்னொன்று. படிப்பு எந்தத் துறையின் கீழ் நடக்கிறது என்பதும் முக்கியம். தொடர்பியல் துறை என்றால் ஊடகக் கோட்பாடுகளின் பக்கம் சாயும். இலக்கியத் துறைக்குள் இருந்தால் அணியியலும் எடிட்டிங்கும் வலுவாக இருக்கும். பொறியியலை ஒட்டி இருந்தால் தொழில்நுட்ப ஆவணங்கள், பயனர் சோதனை. விளம்பர வாசகங்களை விட, ஆசிரியர்கள் கடந்த சில ஆண்டுகளில் எதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

குறிப்பேடு
ஆய்வேடா ப்ராஜெக்டா என்பதற்கு வருகிறேன். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வேடு. ஆவணங்களை உருவாக்கும் வேலைக்குப் போவதாக இருந்தால் ப்ராஜெக்ட். பொதுவாக இப்படிச் சொல்வார்கள், ஓரளவு சரியும்கூட. ஆனால் ப்ராஜெக்ட் எளிது என்று நினைத்து எடுப்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

ப்ராஜெக்டில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, செய்து தரும் பொருள்: கையேடு, உதவிப் பக்கங்கள், நிதி கோரும் முன்மொழிவு, எதுவாகவும் இருக்கலாம். மற்றது, அந்தப் பொருள் ஏன் அப்படி அமைந்தது என்று விளக்கும் அறிக்கை. மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். பொருள் அழகாக இருக்கும். ‘எச்சரிக்கையை ஏன் மூன்றாம் படிக்கு முன்னால் வைத்தீர்கள்?’ என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. முதல் நாளிலிருந்தே ஒரு முடிவுப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, எடுத்த முடிவு, மறுத்த மாற்று வழி, காரணம், அதற்கான சான்று. ஒரு முடிவுக்கு மூன்று வரி போதும். அறிக்கையில் பாதி அங்கேயே தயாராகிவிடும்.

அறிக்கைக்கு ஓர் அடித்தளம் வேண்டுமென்றால் 2023இல் வந்த எளிய மொழித் தரநிலை ஐ.எஸ்.ஓ. 24495-1 நல்ல தேர்வு. வாசகருக்குத் தேவையானது இருக்கிறதா, அதை எளிதில் கண்டுபிடிக்க முடிகிறதா, படித்தால் புரிகிறதா, புரிந்ததை வைத்துச் செயல்பட முடிகிறதா என்ற நான்கு கொள்கைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று காட்ட வேண்டும். ‘புரிகிறது’ என்பதற்குச் சான்று காட்டிவிட்டு நான்கும் நிறைவேறியதாக எழுதுவதுதான் வழக்கமான ஓட்டை.

ஆய்வேட்டில் சிக்கல் வேறு மாதிரி. தலைப்பு அகலமாக இருக்கும். ‘சமூக ஊடகங்கள் நிறுவனத் தொடர்பில் ஏற்படுத்தும் தாக்கம்’ என்பது கேள்வியே இல்லை. ‘மருந்துத் தகவல் தாளில் பக்கவிளைவுப் பகுதியை முதல் பக்கத்துக்கு மாற்றினால், குறிப்பிட்ட ஒரு பக்கவிளைவை வாசகர் கண்டுபிடிக்கும் நேரம் குறைகிறதா?’ என்பது கேள்வி. எந்த ஆவணம், எந்த வாசகர், எந்தச் செயல், எதை அளப்பது என்ற நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் வராவிட்டால் முன்மொழிவை அனுப்பாதீர்கள்.

கார்முகில்
மிக்க நன்றி இருவருக்கும். எழுத்து மாதிரி பற்றியும் சொல்லுங்களேன். இளநிலையில் எழுதிய கவிதை ஆய்வுக் கட்டுரையை அனுப்பலாமா?

அச்சுப்படி
அனுப்பலாம். அதில் ஒரு வாதம் இருந்து, சான்றுகளோடு கடைசி வரை நின்றால் போதும், பொருள் இலக்கியமாக இருப்பது குறையில்லை. பக்க வரம்பை மட்டும் மீற வேண்டாம். 10 முதல் 20 பக்கம் வரை கேட்பது பரவலான வழக்கம். உங்கள் கட்டுரை 30 பக்கம் என்றால் நடுவில் வெட்டாமல், தனியாக நிற்கும் ஒரு பகுதியை எடுத்து, முன்னால் நான்கு வரியில் முழுக் கட்டுரையின் வாதத்தைச் சொல்லுங்கள்.

போர்ட்ஃபோலியோ கேட்டால் மூன்று முதல் ஐந்து ஆவணம் போதும். எண்ணிக்கையைக் கூட்டினால் அதில் மிகப் பலவீனமானதுதான் தேர்வுக் குழுவின் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு கட்டாயம்: வாசகர் யார், படித்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும், உங்களுக்கு இருந்த கட்டுப்பாடு என்ன, முதல் வரைவிலிருந்து எது மாறியது, ஏன். ஒன்றிலாவது முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுங்கள். முடிந்த ஆவணத்தை மட்டும் பார்த்தால் அதில் உங்கள் கை எவ்வளவு, மேலாளர் கை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

வேலையிடத்து ஆவணம் என்றால் எழுத்துவழி அனுமதி வாங்குங்கள். பெயரைக் கறுப்படித்தால் போதாது. ஸ்கிரீன்ஷாட்களில் பயனர் பெயர் இருக்கும், பொருளின் எண் இருக்கும், கோப்பின் பண்புகளில் நிறுவனப் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புப் பெட்டிக்கு அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் அப்படியே வந்துவிடும். பெட்டி வரைவது வேறு, எழுத்தை நீக்குவது வேறு.

அனுமதி கிடைக்காவிட்டால் திறமூல மென்பொருள் ஒன்றின் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும் வழிமுறையை எதுவும் போடாத புதுக் கணினியில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். எந்த வரியில் தடை வருகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ‘இது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும்’ என்று எழுதியவர் நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதி, திட்டத்துக்கு அனுப்பி, பராமரிப்பவர்கள் சொன்ன கருத்தையும் சேர்த்து வையுங்கள். எழுத்து, சோதனை, திருத்தம் மூன்றும் ஒரே மாதிரியில் வந்துவிடும்.

நிரல்வரி
கணினி பக்கம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) பற்றிய அடிப்படை, எக்ஸ்.எம்.எல். (உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளப்படுத்தும் வடிவம்) என்றால் என்ன என்ற புரிதல். சேர்வதற்கு இவ்வளவு போதும். மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். கட்டமைப்பைச் சிந்திக்கக் கற்றுக்கொண்டால் எதில் வேண்டுமானாலும் எழுதலாம்.

தொழில்நுட்ப ஆவணங்களைத் தனித்தனித் துண்டுகளாக எழுத டிட்டா என்று ஒரு எக்ஸ்.எம்.எல். கட்டமைப்பு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி, 2005இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாக வந்தது. அதன் அடிப்படையில் மூன்று வகைத் தலைப்புகள், அதாவது தனித்து நிற்கும் உரைத்துண்டுகள்: கருத்து (விளக்கம்), பணி (செய்முறைப் படிகள்), குறிப்பு (தேடிப் பார்க்கும் விவரம்). மாணவர்கள் தடுமாறுவது பணித் தலைப்பில். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ‘இது ஏன் அவசியம் என்றால்...’ என்று இரண்டு பத்தி நுழைந்துவிடும். கையில் வேலை ஓடிக்கொண்டிருப்பவர் அடுத்த படியைத் தேடித் தடுமாறுவார். விளக்கத்தைக் கருத்துத் தலைப்புக்குத் தள்ளுங்கள், படியில் ஒரு செயல் மட்டும் இருக்கட்டும். விதிவிலக்கு ஒன்று: தவறினால் ஆபத்து அல்லது தரவு இழப்பு என்றால் எச்சரிக்கை அந்தப் படியிலேயே, செயலுக்கு முன்னால் வர வேண்டும்.

பயன்நோக்கு
மேலே வாசகர் சோதனை பற்றிப் பேசியதால் ஒரு விஷயம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும், 85 சதவீதச் சிக்கல் தெரிந்துவிடும். ப்ராஜெக்டுக்கு அதற்கு மேல் அலைய வேண்டியதில்லை.

குறிப்பேடு
இதை நிபந்தனை சொல்லாமல் விட்டால் ஆபத்து. அந்த 85 எங்கிருந்து வருகிறது? ஒரு சிக்கலை ஒரு பங்கேற்பாளர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேரும் அதைச் சந்திக்காமல் போகும் வாய்ப்பு 0.69இன் ஐந்தாம் அடுக்கு, சுமார் 0.16. மீதி 84 சதவீதம். சரி, உங்கள் ஆவணத்தில் பத்தில் ஒருவர் மட்டும் தடுமாறும் சிக்கல் இருந்தால்? 0.9இன் ஐந்தாம் அடுக்கு 0.59. ஐந்து பேரில் அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். மருந்து அளவு, மின்சாரம் பற்றிய கையேட்டில் அந்தப் பத்தில் ஒருவர்தான் முக்கியம்.

அதோடு, ஐந்து பேர் என்பது சிக்கலைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. பழைய வடிவத்தை விடப் புதிய வடிவம் மேல் என்று நிறுவுவதற்கு அல்ல. ஐந்து பேரின் சராசரி நேரத்தை வைத்து ‘30 சதவீதம் வேகம் கூடியது’ என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்.

பயன்நோக்கு
ஒப்புக்கொள்கிறேன், நிபந்தனையைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஐந்தைந்து பேராக மூன்று சுற்று, நடுவில் திருத்தம் என்று வைத்தால் 15 பேரை ஒரே சுற்றில் சோதிப்பதை விடப் பயன் அதிகம்.

சோதனைப் பணிகளை எழுதும்போது கவனிக்க வேண்டியது: ஆவணத்தின் தலைப்பில் உள்ள சொற்களைப் பணியில் பயன்படுத்தாதீர்கள். தலைப்பு ‘கடவுச்சொல்லை மீட்டமைத்தல்’, பணியும் ‘கடவுச்சொல்லை மீட்டமைக்கவும்’ என்றால் பங்கேற்பாளர் செய்வது சொல் பொருத்தும் வேலை. ‘உங்களால் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. என்ன செய்வீர்கள்?’ என்று நிலைமையைக் கொடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் சோதனையில் நேரத்தை அளக்காதீர்கள், பேசுவதே நேரத்தை மாற்றிவிடும். முதலில் ஒருவரை வைத்து முன்னோட்டம் பார்த்துவிட்டு, அவருடைய தரவை முடிவில் சேர்க்காமல் விடுங்கள்.

பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க எஸ்.யூ.எஸ். கேள்வித்தாளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 10 கூற்றுகள், 1 முதல் 5 வரை விடை. ஒற்றைப்படைக் கூற்றுகளில் விடையிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5லிருந்து விடையைக் கழிக்க வேண்டும். கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பு. அது சதவீதம் அல்ல. 68 என்பதைச் சராசரியாகக் கொள்வது வழக்கம், ஆகவே 70 வாங்கியதைப் பெரிய வெற்றியாக எழுத முடியாது. இரட்டைப்படைக் கூற்றுகள் எதிர்மறையாக அமைந்தவை. மொழிபெயர்க்கும்போது எதிர்மறை தவறிப்போனால் அந்தக் கூற்றின் மதிப்பு தலைகீழாகிவிடும்.

கயல்மொழி
தமிழ் ஆவணங்களை வைத்து இறுதிப் பணி செய்ய நினைப்பவர்களுக்கு: ஃப்ளெஷ் வாசிப்பெளிமைச் சூத்திரத்தைத் தமிழில் போட்டு எண் எடுக்காதீர்கள். 1948இல் ஆங்கில உரைக்காகக் கணக்கிட்ட மாறிலிகள் அவை. ஒரு சொல்லுக்கு எத்தனை அசை (சிலபிள்) என்பதற்கு அது 84.6 என்ற எடை கொடுக்கிறது. ‘வந்துகொண்டிருந்ததால்’ என்பது நமக்கு ஒரே சொல், எளிய சொல்லும்கூட. சூத்திரத்தைப் பொறுத்தவரை அது கடினத்தின் உச்சம். தமிழ்ப் பத்தியைப் போட்டால் பெரும்பாலும் பொருளற்ற எதிர்மறை எண்தான் வரும்.

மாற்றாக வெற்றிடம் நிரப்பும் சோதனை நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு ஐந்தாம் சொல்லையும் நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொல்வது. தமிழில் இதற்கு இரண்டு முன்னேற்பாடு தேவை. ஒன்று, வேற்றுமை உருபு மாறியிருந்தாலும் வேர்ச்சொல் சரியாக இருந்தால் மதிப்பெண்ணா என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, ஒற்று. ‘படிவத்தைப் ____ அனுப்பவும்’ என்றால் அந்த ‘ப்’ அடுத்த சொல்லின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்றிடத்துக்கு முந்தைய ஒற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீக்குங்கள், நீக்கியதை முறையியல் இயலில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒற்று மிகும் வெற்றிடங்கள் மட்டும் எளிதாக இருக்கும், அது உரையின் எளிமை அல்ல.

எடிட்டிங் பக்கத்தில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. நிபந்தனை முதலில், செயல் பிறகு என்ற வரிசையைக் கையேடு எழுதுபவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கற்பிப்பார்கள். ‘சிவப்பு விளக்கு எரிந்தால் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று தமிழ் வாக்கியம் தானாகவே அப்படித்தான் அமையும். பாதகம், வினை கடைசியில் வருவது. பெயரெச்சம் நான்கைந்து அடுக்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்குள் வாசகர் தொடக்கத்தை மறந்துவிடுவார். ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சத்துக்கு மேல் போனால் உடையுங்கள்.

செம்பதிப்பு
கயல்மொழி சொன்ன ஒற்று விஷயம் அருமை. எந்த முறையியல் நூலிலும் நான் பார்த்ததில்லை.

சான்றுநோக்கர்
நேர்காணல் வைத்து ஆய்வேடு செய்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒருவரிடம்கூடப் பேசித் தரவு எடுக்காதீர்கள். பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள், அந்தத் தரவு முழுவதும் வீண். ஒப்புதல் படிவமே தொழில்முறை எழுத்தில் ஒரு பயிற்சி என்று எடுத்துக்கொண்டு, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள்.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். 12 பேர், தலா 45 நிமிடம் என்றால் 9 மணி நேர ஒலி. எழுத்தாக்கம் மட்டும் 36 முதல் 54 மணி நேரம். மாணவர்களின் கால அட்டவணையில் இந்த வரியே இருப்பதில்லை.

பகுப்பாய்வில் இரண்டு மரபுகளைக் கலக்க வேண்டாம். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்றால் இருவர் உரைப்பகுதிகளை வகைப்படுத்தித் தனித்தனியே குறியிட்டு, உடன்பாட்டைக் கப்பா அல்லது ஆல்பா மதிப்பால் (தற்செயலான உடன்பாட்டைக் கழித்துக் கணக்கிடும் எண்கள்) காட்டுவது முறை. ஆல்பா 0.80க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667க்குக் கீழே என்றால் அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆய்வாளரின் வாசிப்பையே கருவியாகக் கொள்ளும் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு இந்த எண்ணே பொருந்தாது. ‘கருப்பொருள் பகுப்பாய்வு செய்தேன், கப்பா 0.82’ என்று ஒரே மூச்சில் எழுதினால், எந்த முறையைப் பின்பற்றினோம் என்றே தெரியவில்லை என்று பொருள்.

முன்னுரையில் ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற வரியையும் தவிருங்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்று எழுதிவிட்டு, கிடைத்தவை எந்தக் கேள்வியைத் தொடவில்லை என்று காட்டுங்கள்.

கார்முகில்
செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எழுத்தாக்கத்துக்கும் எடிட்டிங்குக்கும் பயன்படுத்தலாமா?

சான்றுநோக்கர்
உங்கள் துறையின் விதி எதுவோ அதுதான், தாளுக்குத் தாள்கூட மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதி அனுமதித்தாலும் மூன்று இடங்களில் நில்லுங்கள். நேர்காணல் ஒலியை வெளிச் சேவையில் ஏற்றுவது ஒப்புதல் படிவத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பங்கேற்பாளருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது. கருவி தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு உண்மையான இதழின் பெயரும் நம்பத்தக்க டி.ஓ.ஐ. எண்ணும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) வந்து நிற்கும். எடிட்டிங் தாளில் கருவி திருத்திய வாக்கியத்தை ஏற்றுக்கொண்டால் ஏன் ஏற்றோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லும் திறனுக்குத்தான் அங்கே மதிப்பெண்.

கார்முகில்
600 மணி நேர ஆய்வேட்டை எப்படிப் பங்கிடுவது?

குறிப்பேடு
இப்படித் தொடங்கலாம்: கேள்வியும் வாசிப்பும் 120, முன்மொழிவும் நெறிமுறை விண்ணப்பமும் 60, கருவி தயாரிப்பும் முன்னோட்டமும் 60, தரவு சேகரிப்பு 80, எழுத்தாக்கமும் பகுப்பாய்வும் 110, எழுதுவது 130, மெய்ப்பும் வடிவமைப்பும் 40. நெறிமுறைக் குழு பதில் சொல்லும்வரை காத்திருக்கும் வாரங்கள் இந்தக் கணக்கில் வராது, நாள்காட்டியில் தனியாகப் போடுங்கள். அந்த வாரங்களில் முறையியல் இயலை எழுதிவிடலாம், அதற்குத் தரவு தேவையில்லை. கடைசி 40ஐ மற்ற வேலைகள் தின்ன விடாதீர்கள். தொழில்முறை எழுத்துப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் அட்டவணை எண் மாறிக் கிடந்தால் தேர்வாளர் மன்னிக்கமாட்டார்.

செம்பதிப்பு
சேரும் முன் ஒரு வேலை. அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் முந்தைய முதுநிலை ஆய்வேடுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். உங்கள் துறையைச் சேர்ந்த மூன்றை எடுத்து முறையியல் இயலை மட்டும் படியுங்கள். அதை வைத்து அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடியும் என்று தோன்றினால் அங்கே விண்ணப்பியுங்கள். ப்ராஜெக்டுகள் களஞ்சியத்தில் அதிகம் இருக்காது, துறைக்கு எழுதி இரண்டு மாதிரி கேளுங்கள்.

கார்முகில்
இரண்டு பல்கலைக்கழகத் துறைகளுக்கு மதிப்பீட்டு விவரமும் மாதிரி ப்ராஜெக்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.